பனங்காடையின் நீலமும் நம் மேற்குச் சுவரும்

(பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று மாலை நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை ஆற்றிய உரை. அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு)

  செயலாளர் சார் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். எட்டு மணிக்குத் தண்ணீர் லாரி வரும், அதற்குள் முடித்துவிடுங்கள் மேடம் என்றும் சொல்லியிருக்கிறார். முடித்துவிடுகிறேன்.

இந்த உரைக்குக் காரணம் ஒரு கேள்வி. போன மாதம் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சி பிளாக் பையன் ஒருவன் பக்கத்தில் நின்று ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே மின்கம்பியில் ஒரு பனங்காடை. உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் ஏதோ மங்கலான பழுப்புப் பறவை. பறந்ததும் இறக்கை விரிந்து, நீலம் பளீரென்று அடித்தது. பையன் என்னிடம் கேட்டான்: "ஆண்ட்டி, அது தினமும் வெயில்லதான் உட்கார்ந்திருக்கு. அதோட நீலம் வெளுக்கல. நம்ம பில்டிங் மட்டும் ஏன் வெளுத்துப்போச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. காரணம் உங்களுக்கே தெரியும். நான்கு வருடத்துக்கு முன் வெளிப்பூச்சு அடித்தபோது பால்கனி ஓரங்களுக்கு அந்த ஊதா நிறப் பட்டை வேண்டும் என்று பொதுக்குழுவில் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. மேற்குப் பக்கத்தில் அந்த ஊதா இரண்டே கோடையில் சாம்பலாகிவிட்டது. முப்பது வருடம் வேதியியல் நடத்தியவள் நான், நிறமியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல் கை தூக்கிவிட்டேன். ஆகவே இன்றைய உரையைப் பரிகாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுவர். பெயிண்டில் நிறம் தருவது நிறமி. வெள்ளை வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. நிறமி அதில் சிலவற்றை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்த மிச்சம்தான் நம் கண்ணுக்கு வரும் நிறம். இந்த விழுங்கும் வேலையைச் செய்வது மூலக்கூறுகள். பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, ஊதா தரும் நிறமிகளில் பல கரிம மூலக்கூறுகள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அவற்றின் பிணைப்புகளை மெதுவாக உடைக்கும். ஈரமும், சிமென்ட் பூச்சிலிருந்து வரும் சுண்ணாம்புக் காரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். மூலக்கூறு உடைந்தால் விழுங்க ஆள் இல்லை, நிறமும் இல்லை. எல்லா நிறமியும் இப்படி இல்லை. காவி என்பது இரும்பு ஆக்சைடு, அது அசைந்துகொடுக்காது. கோயில் மதிலில் காவிப் பட்டை அடிப்பவர்கள் விவரமானவர்கள்.

இப்போது பறவை. பனங்காடையின் இறக்கையில் நீல நிறமி கிடையாது. ஒரு துளிகூடக் கிடையாது. இப்படிப்பட்ட நீல இறகைக் கல்லில் வைத்து நசுக்கினால் நீலம் போய்விடும், பழுப்புதான் மிஞ்சும். நிறமியாக இருந்தால் நசுக்கினாலும் நீலப் பொடிதானே கிடைக்க வேண்டும்? மஞ்சள் கிழங்கை இடித்தால் மஞ்சள் எங்கும் போவதில்லையே. அப்படியானால் இறகின் நீலம் ஒரு பொருளால் வரவில்லை, உள்ளே இருக்கும் அமைப்பால் வருகிறது. அமைப்பு குலைந்தால் நிறமும் போகிறது. இதைக் கட்டமைப்பு நிறம் என்கிறோம்.

மயிலிறகும் கட்டமைப்பு நிறம்தான். ஆனால் மயிலுக்கும் பனங்காடைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மயிலிறகைத் திருப்பத் திருப்ப நிறம் மாறும். பச்சை நீலமாகும், நீலம் வேறொன்றாகும். பனங்காடையின் நீலம் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய அதே நீலம். மீன்கொத்தியும் அப்படித்தான். இந்த வித்தியாசம் ஏன் என்பதில்தான் இன்றைய விஷயமே இருக்கிறது.

குழந்தைகளே, ஊஞ்சல் ஆடியிருக்கிறீர்கள் அல்லவா? ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் மேலே மேலே போகும். நேரம் தப்பித் தள்ளினால் நின்றுவிடும். ஒளியும் அலைதான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு துகள்களில் பட்டுத் திரும்பும் இரண்டு அலைகள் நேரம் ஒத்துச் சேர்ந்தால் பலமாகும், ஒத்துவராவிட்டால் ஒன்றையொன்று அழித்துவிடும். எந்த நிறம் ஒத்துவரும் என்பதைத் துகள்களுக்கு இடையிலுள்ள தூரம் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அலைநீளம் உண்டு. ஊதா சுமார் 400 நானோமீட்டர், சிவப்பு சுமார் 700. ஆகவே துகள்கள் சுமார் 200 முதல் 300 நானோமீட்டர் இடைவெளியில் இருந்தால் நம் கண்ணுக்குத் தெரியும் நிறம் ஏதாவது ஒன்று ஒத்துவரும். 250 நானோமீட்டர் என்றால் எவ்வளவு? ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் இருக்கிறதே, அதற்குள் 4,000 துகள்களை வரிசையாக நிறுத்தலாம்.

இப்போது இரண்டு கூட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பள்ளிக்கூடத்தில் காலை அசெம்ப்ளி. நேர் நேராக வரிசை. முன்னாலிருந்து பார்த்தால் ஒரு மாதிரி, மூலையிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி. வரிசைகளுக்கு இடையே தெரியும் தூரம் நாம் நிற்கும் இடத்துக்கு ஏற்ப மாறுகிறது. மயிலிறகு இப்படி. அதில் மெலனின் கம்பிகள் அசெம்ப்ளி போல அடுக்கி நிற்கின்றன. அதனால் கோணம் மாறினால் நிறம் மாறுகிறது.

இரண்டாவது, பொங்கல் அன்று இதே கூடத்தில் சாப்பாட்டுக்கு முன் நின்ற கூட்டம். யாரும் வரிசையில் இல்லை. ஆனால் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு கை தூரம் தானாகவே இருந்தது. கொஞ்ச தூரம் தள்ளிப் பார்த்தால் ஒழுங்கு எதுவும் இல்லை. பக்கத்து ஆளை மட்டும் பார்த்தால் ஒழுங்கு இருக்கிறது. இந்தக் கூட்டத்தை வாசலிலிருந்து பார்த்தாலும், மேடையிலிருந்து பார்த்தாலும், ஜன்னல் வழியாகப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான். பனங்காடை இறகு இப்படி. அதன் உள்ளே கெரட்டின் என்ற புரதம் ஸ்பாஞ்சு போல இருக்கிறது. நம் நகத்தில் இருப்பதும் கெரட்டின்தான். அந்த ஸ்பாஞ்சில் காற்று நிரம்பிய நுண்துளைகள் வரிசையில்லாமல், ஆனால் ஏறக்குறைய சம தூரத்தில் இருக்கின்றன. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே நீலம் கிடைப்பது அந்த ஒழுங்கின்மையால்தான்.

இன்று ராமன் விளைவு நாள். அதனால் இதையும் சொல்ல வேண்டும். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928-ல் கண்டுபிடித்தது ராமன் விளைவு என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அவரே 1934-ல், பெங்களூரில் இருந்தபோது, பறவை இறகுகளின் நிறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எடுத்துக்கொண்ட பறவை எது தெரியுமா? பனங்காடைதான்! வானம் நீலமாகத் தெரிவதற்கு என்ன காரணமோ அதுவே இந்த இறகுக்கும் காரணம் என்று அதுவரை பலர் நினைத்தார்கள். வானத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியாக ஒளியைச் சிதறடிக்கிறது, அக்கம்பக்கத்தோடு அதற்குத் தொடர்பில்லை. அந்த விளக்கம் இறகுக்குப் போதாது என்று ராமன் எழுதினார். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை ஆராய்ந்து, துளைகளுக்கு இடையிலுள்ள சம தூரம்தான் நீலத்துக்குக் காரணம் என்று ரிச்சர்ட் பிரம் என்ற அமெரிக்கப் பறவையியலாளரும் அவருடைய குழுவினரும் வேறொரு நீலப் பறவையில் காட்டியது 1998-ல்.

சரி, இனி ஒரு சோதனை. யாராவது விளக்கை அணையுங்கள். இதோ கண்ணாடி டம்ளரில் தண்ணீர், பின்னால் கறுப்புத் துணி. இரண்டு மூன்று சொட்டுப் பால் விடுகிறேன். பக்கவாட்டில் மொபைல் டார்ச். என்ன தெரிகிறது? ஆமாம், லேசான நீலம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் டம்ளர் வழியாக டார்ச்சைப் பாருங்கள். மஞ்சள் தெரிகிறதா? சின்னத் துகள்கள் நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கின்றன, மிச்சம் மஞ்சளாக நேரே போகிறது. இது வானத்தின் வித்தை. இப்போது அரை டம்ளர் பால் ஊற்றுகிறேன். நீலம் போச்சு, வெறும் வெள்ளை. துகள்கள் அதிகமானதும் ஒளி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று நூறு முறை மோதி வெளியே வருகிறது. எல்லா நிறமும் கலந்து வெள்ளையாகிவிடுகிறது. விளக்கைப் போடலாம், நன்றி.

நம் கூடத்துச் சுவரும் இதனால்தான் வெள்ளை. வெள்ளைப் பெயிண்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு துகள்கள் ஏறக்குறைய 250 நானோமீட்டர்தான். நிறம் தரக்கூடிய அதே அளவு! ஆனால் அவை ஒளியை மிக பலமாகச் சிதறடிப்பவை, அளவும் இடைவெளியும் சமமாக இருப்பதில்லை. அதனால் வெள்ளை.

ஆய்வுக்கூடங்களில் இதுதான் முதல் தடங்கலாக இருந்தது. சிலிக்கா என்றால் மணல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே அளவு உருண்டைகள் செய்து, வரிசையில்லாமல் நெருக்கிக் காயவைத்தார்கள். நிறம் வந்தது, ஆனால் பால் கலந்த மாதிரி வெளிறித் தெரிந்தது. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் யுகிகாசு தகியோகாவின் குழு ஒரு வழி கண்டது. அதில் கொஞ்சம் கரி சேர்த்தார்கள். விளக்குக் கரி போன்ற நுண்ணிய கறுப்புப் பொடி. நீலமும் பச்சையும் பளிச்சென்று வந்துவிட்டன!

கறுப்பைச் சேர்த்தால் நிறம் எப்படிக் கூடும்? நிதானமாக யோசித்தால் புரியும். சரியான நிறம் ஒன்றிரண்டு மோதலில் வெளியே வந்துவிடுகிறது. வெளிறச் செய்யும் ஒளி நூறு முறை மோதி, நீண்ட தூரம் சுற்றி வருகிறது. நீண்ட தூரம் சுற்றுவது வழியில் கரியிடம் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். கரி அதை விழுங்கிவிடுகிறது. சுத்தமான நிறம் மட்டும் மிஞ்சுகிறது. கரி அதிகமானால் எல்லாமே கறுப்பு. உப்பு போடுகிற மாதிரி, அளவோடு.

பறவை இதை எப்போதோ செய்துவிட்டது. நீல ஸ்பாஞ்சுக்கு அடியில் மெலனின் என்ற கறுப்பு நிறமி இருக்கிறது. நம் முடியில் இருப்பதும் மெலனின்தான். வட அமெரிக்காவில் ஸ்டெல்லர் ஜே என்று ஒரு நீலப் பறவை. மெலனின் இல்லாமல் பிறந்த ஸ்டெல்லர் ஜே ஒன்றின் இறகுகளை ஆராய்ந்து 2006-ல் எழுதியிருக்கிறார்கள். ஸ்பாஞ்சு இருக்கிறது, ஆனால் இறகு வெள்ளை. அடியில் கறுப்பு இல்லாததால் நீலம் கண்ணுக்கே தெரியவில்லை.

அமெரிக்காவில் ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் அலி தினோஜ்வாலாவும் சக ஆய்வாளர்களும் 2017-ல் இரண்டையும் ஒரே உருண்டையில் வைத்தார்கள். நடுவில் செயற்கை மெலனின், வெளியே சிலிக்கா ஓடு. அந்த உருண்டைகள் சேர்ந்த சின்னச் சின்னப் பந்துகளே நிறப்பொடி ஆகிவிடுகின்றன. உயிருடம்பில் இருக்கும் மெலனினும் மணலும்தான் மூலப்பொருள் என்பதால் அழகுசாதனங்களுக்கும் இது ஏற்றதாக இருக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது.

இனி இதிலுள்ள பெரிய சிக்கலைச் சொல்கிறேன். நீலம் வந்தது, பச்சை வந்தது. சிவப்பு வரவில்லை. பறவைகளிலும் பாருங்கள், இந்த வழியில் சிவப்பு வந்த இறகு கிடையாது. கிளியின் மூக்கு, கொண்டைக்குருவியின் வாலடி என்று நாம் பார்க்கும் சிவப்பெல்லாம் நிறமிதான். ஏன்?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வினோதன் மனோகரனின் ஆய்வுக்குழு 2014-ல் காரணத்தைச் சொன்னது. இங்கே இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. துகள்களுக்கு இடையிலுள்ள தூரம் ஒரு நிறத்தைத் திருப்பி அனுப்புகிறது. தனித் துகள் ஒவ்வொன்றும் தன் பருமனுக்கு ஏற்ப இன்னொரு நிறத்தைத் திருப்பி அனுப்புகிறது. சிவப்புக்குத் தூரம் அதிகம் வேண்டும். உருண்டைகள் ஒட்டி நிற்பதால் தூரம் கூட வேண்டுமென்றால் உருண்டை பெரிதாக வேண்டும். பெரிய உருண்டையோ தன் பங்குக்கு நீலத்தைப் பலமாகத் திருப்பி அனுப்புகிறது. சிவப்போடு நீலம் சேர்ந்தால் கத்தரிப்பூ நிறம். சிவப்பு கேட்டவருக்குக் கத்தரிப்பூ கிடைக்கிறது.

இதற்கு அவர்கள் கண்ட வழி நம் சமையலறையில் இருக்கிறது. ஜவ்வரிசி முக்கால் வேக்காட்டில் எப்படி இருக்கும்? சுற்றிலும் கண்ணாடி மாதிரி, நடுவில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு. அப்படி உருண்டை செய்தார்கள். ஓடு பெரியது, ஆனால் சுற்றியுள்ள பொருளோடு ஒளிக்கு வித்தியாசம் தெரியாதது. நடுப்பொட்டு சின்னது, அதுதான் ஒளியைச் சிதறடிக்கும். ஓடுகள் ஒன்றையொன்று இடிப்பதால் பொட்டுகளுக்கு இடையே தூரம் அதிகம். பொட்டு சின்னதாக இருப்பதால் அது தொல்லை செய்யும் நிறம் நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதாப் பக்கம் ஒதுங்கிவிடுகிறது. இந்த வழியில் நீலத்திலிருந்து சிவப்புப் பக்கம் வரை போக முடிந்தது. ஆனால் நல்ல குங்குமச் சிவப்பு இன்னும் பிடிபடவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சில்வியா விக்னோலினியின் குழு 2020-ல் கணக்குப் போட்டுப் பார்த்து, இந்த ஒழுங்கற்ற முறையில் நீலமும் பச்சையும் நன்றாக வரும், ஆழ்ந்த மஞ்சளும் சிவப்பும் மிகக் கடினம் என்று எழுதியது. ஹார்வர்டு குழு 2021-ல் கணினியிலேயே ஒளியை ஓடவிட்டு, எந்த அளவு உருண்டை, எவ்வளவு கரி, எவ்வளவு கனம் என்றால் என்ன நிறம் வரும் என்று முன்கூட்டியே சொல்லும் முறையை வெளியிட்டது.

இப்போது நம் மேற்குச் சுவருக்கு வருகிறேன். வரும் பொதுக்குழுவில் வெளிப்பூச்சு மீண்டும் பேசப்படப் போகிறது. கட்டமைப்பு நிறத்தில் வெயில் உடைக்க நிறமி மூலக்கூறு இல்லை, ஆகவே பனங்காடை மாதிரி நம் சுவரும் இருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் ஆசைதான். ஆனால் இன்றைக்கு இது சுவருக்கு வரவில்லை. உருண்டைகள் எல்லாம் ஒரே அளவில் வேண்டும், அதை டன் கணக்கில் செய்வது எளிதில்லை. உருண்டைகளுக்கு நடுவே காற்று இருக்க வேண்டிய இடத்தில் மழைத்தண்ணீர் புகுந்தால் நிறம் மங்கும். நம் ஐப்பசி மழையை நினைத்துப் பாருங்கள். ஆகவே யாராவது "நானோ பெயிண்ட், வெளுக்கவே வெளுக்காது" என்று வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். நிறம் தருவது எந்த நிறமி? இதே நிறம் அடித்து நான்கு கோடை கண்ட மேற்குச் சுவர் ஒன்றைக் காட்ட முடியுமா? நம் மேற்குச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு மாதிரி அடித்து ஒரு வருடம் விட்டுப் பார்க்கச் சம்மதமா? மூன்றாவதுக்குப் பொதுக்குழுதான் பொறுமை காட்ட வேண்டும். சிங்கிங் ஃபண்டில் இருப்பது நம் எல்லோருடைய பணம். என் ஓட்டு இந்த முறை காவி, மணல், வெளிர் மண் நிறங்களுக்கு. ஊதாவுக்குக் கை தூக்க மாட்டேன்.

அந்த சி பிளாக் பையனுக்கு என் பதில்: கண்ணா, நம் பில்டிங் வெளுத்தது வெயிலில் மூலக்கூறு உடைந்ததால். பனங்காடை வெளுக்காதது, உடைவதற்கு அதனிடம் நீல மூலக்கூறே இல்லாததால். அது காற்றையும் நகத்தையும் வைத்து, அடியில் கொஞ்சம் கறுப்பைத் தடவி நீலம் செய்கிறது. நல்ல சிவப்பு எப்படிச் செய்வது என்பது இன்னும் யாருக்கும் முழுசாகத் தெரியாது. அந்த வேலை உன் தலைமுறைக்குக் காத்திருக்கிறது. வணக்கம்.

(உரைக்குப் பின் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகள்)

ஏ பிளாக் பாட்டி: என் கல்யாணப் பட்டு மயில்கழுத்து நிறம். திருப்பினால் நிறம் மாறும். அதுவும் நீ சொன்னதுதானா அம்மா?

பதில்: இல்லை பாட்டி. மயில்கழுத்தில் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். ஒரு கோணத்தில் பாவு தூக்கலாகத் தெரியும், இன்னொரு கோணத்தில் ஊடை. இரண்டுமே சாயம்தான். அதனால் வெயிலில் காயப்போடாதீர்கள், நிழலில் உலர்த்துங்கள். நீங்கள் இத்தனை வருடம் அப்படித்தானே காப்பாற்றியிருக்கிறீர்கள்.

பொருளாளர்: கரி சேர்த்தால் சுவர் வெயிலில் சூடாகாதா மேடம்?

பதில்: நல்ல கேள்வி சார். கறுப்பு ஒளியை விழுங்கினால் அது வெப்பமாகத்தான் மாறும். நிறம் ஆழமாக வேண்டுமென்றால் கொஞ்சம் சூட்டையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். மேல்மாடிக்காரர்கள் வெளிர் நிறத்துக்கு ஓட்டுப் போட இது இன்னொரு காரணம். லாரி ஹார்ன் கேட்கிறது, மீதியைக் கீழே மோட்டார் ரூம் பக்கத்தில் பேசிக்கொள்ளலாம்.